கேளுங்கள், சொல்கிறோம்: லிஸ்ப் இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்களுக்கு

இந்த இதழுக்குக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, லிஸ்ப் என்ற கணினி மொழியில் இன்டர்ன்ஷிப் செய்வது பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஒரு சிறிய நிறுவனம் ஆறு மாத இன்டர்ன்ஷிப் தருகிறது. வேலை முழுக்க லிஸ்ப்பில் என்கிறார்கள். வகுப்பில் எல்லாரும் பைத்தான், ஜாவா என்று போகிறார்கள். பழைய மொழியில் போய் ஆறு மாதத்தை வீணாக்காதே என்று வீட்டில் சொல்கிறார்கள். போகலாமா?
– கடைசி ஆண்டு மாணவி, சுங்கான்கடை

பதில்: தாராளமாகப் போகலாம், தங்கச்சி. ஆனால் சம்மதம் சொல்லும் முன் அவர்களிடம் ‘எந்த லிஸ்ப்?’ என்று கேட்டுவிடுங்கள். 1958-ல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்த லிஸ்ப், இன்று ஒரு பெரிய குடும்பம். வேலைக்கு அதிகம் வருபவை மூன்று: 1994-ல் ஆன்சி தரம் பெற்ற காமன் லிஸ்ப், 2007-ல் வந்து ஜாவா மெஷின் மேல் ஓடும் குளோஜர், ஆட்டோகேடு என்ற வரைபட மென்பொருளுக்குள் இருக்கும் ஆட்டோலிஸ்ப். எதையும் அடைப்புக்குறிக்குள் எழுதுவது மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்குத் தயாரானவர் மற்றொன்றில் முதல் நாளே தடுமாறுவார்.

மொழி பழையது என்று வீட்டில் சொல்வது சரிதான். ஆனால் அது இன்னும் சோறு போடுகிறது. விமானக் கட்டணம் தேடும் ஐடிஏ சாஃப்ட்வேரின் எஞ்சின் காமன் லிஸ்ப்பில் எழுதப்பட்டது. 2011-ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. கிராமர்லியின் இலக்கண எஞ்சினும் காமன் லிஸ்ப்பில் எழுதப்பட்டதுதான். பிரேசிலின் நூபேங்க் தன் வங்கிச் சேவையைக் குளோஜரில் கட்டியது. குளோஜரைப் பராமரித்த காக்னிடெக்ட் நிறுவனத்தையே 2020-ல் வாங்கிவிட்டது.

வேலை விளம்பரங்கள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறோம். குளோஜர் என்றால் பெங்களூரு, புனே பக்கம் தேடலாம். காமன் லிஸ்ப் வேலை நம் நாட்டில் அரிது. ஆகவே லிஸ்ப் வேலை மட்டும்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். பல வருடம் வளர்ந்த ஒரு பெரிய புரோகிராம் கோடைப் படித்துப் புரிந்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தாமலே பிரித்துப் பார்த்துத் திருத்தும் பழக்கம் இந்த ஆறு மாதத்தில் கைவரும். பிறகு ஜாவாவுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

அவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: நான் எழுதும் கோடை யார் ரிவ்யூ செய்வார்? ஒருவரைப் பெயர் சொல்லிக் காட்டினால் போங்கள். ‘எல்லாரும் பிஸி, நீயாகப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்றால் அது எந்த மொழியாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. காமன் லிஸ்ப். மடிக்கணினியில் 8 ஜிபி ரேம்தான். எதை நிறுவ வேண்டும், எதைப் படிக்க வேண்டும்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், குமாரகோவில்

பதில்: 8 ஜிபி தாராளம், தம்பி. உபுண்டுவில் எஸ்பிசிஎல் கம்பைலரையும் ஈமேக்ஸ் எடிட்டரையும் ஏபிடி வழியாகவே நிறுவலாம். லைப்ரரிகளுக்கு குவிக்லிஸ்ப் வேண்டும்: அதன் கோப்பை இறக்கி, எஸ்பிசிஎல்லில் லோடு செய்து, இன்ஸ்டால் கட்டளை கொடுங்கள். அதற்குப் பிறகு ‘ஆட்-டு-இனிட்-ஃபைல்’ என்ற கட்டளையையும் கட்டாயம் ஓட்டுங்கள். பலர் இதை விட்டுவிடுவார்கள். மறுநாள் எஸ்பிசிஎல்லைத் திறந்தால் கியூஎல் என்ற பேக்கேஜே இல்லை என்று பிழை வரும். உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஒரு கட்டளை போதும்.

ஈமேக்ஸை ஓடும் லிஸ்ப்போடு இணைக்கும் ஸ்லைமையும் அதற்குள் போட்டுக்கொள்ளுங்கள். அடைப்புக்குறியை எண்ணாதீர்கள், பேரெடிட் மோடை இயக்கினால் திறந்ததை அதுவே மூடும், ஒற்றைக் குறியை அழிக்கவும் விடாது. முதல் நான்கு நாள் எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் கண் பார்க்க வேண்டியது இன்டென்டேஷனை மட்டும்தான். வரி எதிர்பாராத இடத்தில் நின்றால் குறி தவறியிருக்கிறது.

கைக்குப் பழக வேண்டிய விசைகள் சில உண்டு. கன்ட்ரோலை அழுத்தியபடி சி-யை இருமுறை தட்டினால் கர்சர் நிற்கும் ஃபங்ஷன் மட்டும் கம்பைல் ஆகி, ஓடும் புரோகிராமுக்குள் போய்விடும். ஆல்ட்டும் முற்றுப்புள்ளியும் கர்சர் நிற்கும் பெயர் எழுதப்பட்ட இடத்துக்கு அழைத்துப்போகும். ஆல்ட்டும் காற்புள்ளியும் திரும்பக் கொண்டுவரும். பிழை வந்து டீபக்கர் திறந்தால் பதறி மூடிவிடாதீர்கள். புரோகிராம் அங்கே சாகவில்லை, பிழை நேர்ந்த இடத்திலேயே நிற்கிறது. அங்கே அழைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு வரியாக, அதாவது ஒரு ஃபிரேமாகத் தெரியும்; ஒரு ஃபிரேமின் மேல் நின்று ‘வி’ தட்டினால் அதன் புரோகிராம் கோடு வரும். ‘ஈ’ தட்டினால் அந்த ஃபிரேமுக்குள்ளேயே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஃபங்ஷனைத் திருத்திக் கம்பைல் செய்துவிட்டு ‘ஆர்’ தட்டினால் அந்த ஃபிரேம் மறுபடி ஓடும். இதைக் கற்காமல் லிஸ்ப் வேலைக்குப் போவது பாதி வசதியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதுதான்.

பழகுவதற்கு ஒரு கணக்கு தருகிறோம். தோவாளை பூச்சந்தையின் கமிஷன் கடைக்கு ஒரு பில் புரோகிராம் எழுதுங்கள். பிச்சி, மல்லி, அரளி ஒவ்வொன்றுக்கும் விலை, எடைக் கழிவு, கமிஷன் விதி. விதிகளை இஃப்களாக அடுக்காமல் லிஸ்ட்டாக எழுதி, அந்த லிஸ்ட்டைப் படித்துக் கணக்கிடும் ஃபங்ஷனைத் தனியாக எழுதுங்கள். ஓணத்துக்கு விதி மாறினால் லிஸ்ட்டில் ஒரு வரி மட்டுமே மாற வேண்டும். தொழில்துறையில் லிஸ்ப் எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்வது இதைத்தான்.

பணத்தை ஃப்ளோட்டில், அதாவது தசம எண்ணை ஏறத்தாழ வைக்கும் வகையில், வைக்காதீர்கள். காமன் லிஸ்ப்பில் புள்ளி வைத்து எழுதிய எண் சாதாரணமாக ஒற்றை ஃப்ளோட்டாகவே வாசிக்கப்படும். அது 24 பிட் துல்லியம்தான் தாங்கும். 1,84,350.55 என்று எழுதினால் உள்ளே இருப்பது 1,84,350.546875. திரையில் சரியாகத் தெரியும், நூறு பில்களைக் கூட்டும்போது பைசா பிசகும். எல்லாவற்றையும் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். லிஸ்ப்பில் முழு எண்ணுக்கு உச்சவரம்பு கிடையாது. சதவீதத்தைப் பின்னமாக எழுதுங்கள், கணக்கு துல்லியமாக நிற்கும். கடைசியில் முழுமையாக்கும்போது ஒரு எச்சரிக்கை: ‘ரவுண்டு’ ஃபங்ஷன் சரிபாதியை இரட்டை எண்ணுக்குத் தள்ளும். இரண்டரை 2 ஆகும், மூன்றரை 4 ஆகும். கடைக்காரர் கணக்கில் அரை எப்போதும் மேலே போகும். அதற்கு அரையைக் கூட்டிவிட்டு ‘ஃப்ளோர்’ போடுங்கள்.

கேள்வி: சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. என் கணினியில் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகிறது. கோடை ஏற்றியதும் சர்வரில் பில்டு உடைகிறது. சில டெஸ்ட்டுகள் அங்கே ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில். மூன்று முறை இப்படி ஆகிவிட்டது, சீனியர் அக்காவிடம் மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் மாணவர், மார்த்தாண்டம்

பதில்: கூச்சப்படாதீர்கள். லிஸ்ப்புக்குப் புதிதாக வருபவர் எல்லாருக்கும் விழும் அடி இது. காரணம் ஒன்றே: உங்கள் கணினியில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இமேஜும், அதாவது நினைவகத்தில் இருக்கும் லிஸ்ப்பும், கோப்பில் எழுதியிருப்பதும் வேறு வேறாகிவிட்டன. சர்வர் கோப்பை மட்டும் படிக்கிறது. நீங்களோ காலையிலிருந்து தட்டிய அத்தனையும் சேர்ந்த இமேஜில் டெஸ்ட் ஓட்டுகிறீர்கள்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ‘மொத்தம்-கணக்கிடு’ என்ற ஃபங்ஷனுக்கு ‘கட்டணம்-கணக்கிடு’ என்று பெயர் மாற்றினீர்கள். கோப்பில் பழைய பெயர் போய்விட்டது. இமேஜில் பழைய ஃபங்ஷன் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வேறொரு கோப்பில் பழைய பெயரை அழைக்கும் ஒரு வரி மிச்சமிருந்தால், உங்களிடம் அது வேலை செய்யும். சர்வரில் ‘அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை’ என்று விழும். பெயர் மாற்றும் முன் ஸ்லைமில் யார் யார் இதை அழைக்கிறார்கள் என்ற பட்டியலை எடுங்கள். மாற்றியபின் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-யு தட்டிப் பழையதை இமேஜிலிருந்தும் நீக்குங்கள்.

கோடை எழுதித் தரும் கோடான மேக்ரோ இதைவிடச் சிக்கல். மேக்ரோ கம்பைல் ஆகும் நேரத்திலேயே விரிந்துவிடுகிறது. மேக்ரோவைத் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் ஃபங்ஷன்கள் பழைய விரிவோடுதான் ஓடும். அவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மேக்ரோவை எழுதியிருக்கும் கோப்பு, அதைப் பயன்படுத்தும் கோப்புக்குப் பின்னால் லோடு ஆனால், கம்பைலர் அதைச் சாதாரண ஃபங்ஷன் என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் இமேஜில் மேக்ரோ ஏற்கனவே இருப்பதால் தெரியாது. சர்வர் வெறுமையிலிருந்து தொடங்குவதால் அங்கே உடையும். எந்தக் கோப்பு எப்போது லோடு ஆக வேண்டும் என்று சொல்லும் ஏஎஸ்டி கோப்பில் வரிசையைச் சரிசெய்யுங்கள்: மேக்ரோக்களைத் தனிக் கோப்பில் வைத்து, மற்றவை அதைச் சார்ந்தவை என்று ‘டிபெண்ட்ஸ்-ஆன்’ கொடுங்கள்.

பொது மாறியை அறிவிக்கும் டிஃப்வாரும் ஏமாற்றும். ஒரு மாறிக்கு மதிப்பு ஏற்கனவே இருந்தால் டிஃப்வார் அதைத் தொடாது. கோப்பில் 30 என்பதை 60 ஆக்கி மறுபடி லோடு செய்தாலும் இமேஜில் 30 தான் நிற்கும். டிஃப்பாராமீட்டர் ஒவ்வொரு முறையும் மாற்றும். டிஃப்ஸ்ட்ரக்ட்டில் புதிய ஸ்லாட் சேர்த்தால் எஸ்பிசிஎல் உடனே முறையிடும். அங்கே வரும் ‘தொடரலாம்’ என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இமேஜை மூடிப் புதிதாகத் தொடங்குங்கள். கிளாஸ் அப்படியல்ல, ஏற்கனவே உருவான ஆப்ஜெக்ட்டுகளும் புதிய வடிவத்துக்கு மாறிக்கொள்ளும்.

தீர்வு எளிது. ஏற்றும் முன் தனி டெர்மினலில் எஸ்பிசிஎல்லை நான்-இன்டராக்டிவ் முறையில் புதிதாகத் தொடங்கி, ஏஎஸ்டி கோப்பைப் படித்து லோடு செய்யும் ஏஎஸ்டிஎஃப் வழியாக முழு டெஸ்ட்டையும் ஓட்டுங்கள். கம்பைலர் தரும் வார்னிங்குகளையும் படியுங்கள். ‘அன்டிஃபைன்டு ஃபங்ஷன்’ என்று அது முன்பே சொல்லியிருக்கும். சந்தேகம் தீராவிட்டால் ஹோம் ஃபோல்டரில் கேஷுக்குள் இருக்கும் பழைய ஃபாஸ்ல் கோப்புகளை, அதாவது முன்பு கம்பைல் ஆனவற்றை, நீக்கிவிட்டு ஓட்டுங்கள்.

சில டெஸ்ட்டுகள் சர்வரில் ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில் என்று எழுதியிருந்தீர்கள். அது இமேஜ் பிரச்சினை அல்ல, ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் திரெட்டுகளைப் பாருங்கள். டிஃப்வார், டிஃப்பாராமீட்டரால் அறிவித்த ஸ்பெஷல் மாறியை லெட் போட்டுக் கட்டினால் அந்தக் கட்டு அந்தத் திரெட்டுக்கு மட்டும்தான். நீங்கள் தொடங்கும் புதிய திரெட் வெளியே இருக்கும் பொது மதிப்பைப் பார்க்கும். மதிப்பைச் சாதாரண லெட் மாறியில் (லெக்சிகல் மாறி) எடுத்துக்கொண்டு, புதிய திரெட்டுக்குள் மறுபடி கட்டுங்கள். 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் லிஸ்ப்பில் எழுதிய ரிமோட் ஏஜென்ட் ஓடியபோது சிக்கிக்கொண்டதற்கும் காரணம் திரெட்டுகளுக்கு இடையே ஒரு பூட்டு விடுபட்டதுதான். தேர்ந்தவர்களுக்கும் தப்பும் பிழை அது, எனவே திரெட் தொடும் கோடை அக்காவிடம் காட்டாமல் ஏற்றாதீர்கள்.

கேள்வி: ஊர்ப் பெயர்களைத் தமிழில் வைத்து ஹேஷ் டேபிளில் தேடுகிறேன். கண்ணெதிரே இருக்கும் பெயரையே ‘இல்லை’ என்கிறது. ஈக்வல் போட்ட பிறகும் சில பெயர்கள் கிடைக்கவில்லை.
– மாணவி, கருங்கல்

பதில்: முதல் பாதியை நீங்களே பிடித்துவிட்டீர்கள். ஹேஷ் டேபிளின் இயல்பான சோதனை ஈக்யூஎல். அது இரண்டு ஸ்ட்ரிங்குகளும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று பார்க்கும், எழுத்துகளை ஒப்பிடாது. டேபிளை உருவாக்கும்போதே ஈக்வல் கொடுக்க வேண்டும்.

மீதிப் பாதி யூனிகோடில் இருக்கிறது. ‘நாகர்கோவில்’ என்பதன் லெங்த் கேட்டால் 11 வரும், நாம் எண்ணும் எழுத்து 6 ஆக இருந்தாலும். துணைக்காலும் புள்ளியும் தனித்தனி குறியீடுகள் என்பதால் அப்படி. ‘கோ’வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச் சுழி கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டாவது வகையில் லெங்த் 12. திரையில் வித்தியாசமே தெரியாது. ஈக்வலுக்கு இரண்டும் வேறு. கோதையாறு, தோவாளை, கொல்லங்கோடு போல ஒகர ஓகாரம் வரும் பெயர்கள்தான் உங்களுக்குக் கிடைக்காமல் போகின்றன என்று நினைக்கிறோம், சரிபாருங்கள். எஸ்பிசிஎல்லின் எஸ்பி-யூனிகோடு பேக்கேஜில் ‘நார்மலைஸ்-ஸ்ட்ரிங்’ இருக்கிறது. டேபிளில் போடும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எழுத்து எண்ண வேண்டுமானால் அதே பேக்கேஜின் ‘கிரஃபீம்ஸ்’ தரும் லிஸ்ட்டின் நீளத்தைப் பாருங்கள், சரியாக 6 வரும். ‘க்ஷ’ வந்தால் மட்டும் இரண்டாகப் பிரிக்கும்.

கோப்பைத் திறக்கும்போது எக்ஸ்டர்னல் ஃபார்மேட் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். சர்வரின் எழுத்துக் குறியீட்டு அமைப்பு வேறாக இருந்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடலாம்.

கேள்வி: சிவில் டிப்ளமோ படிக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு வரைபட அலுவலகத்தில் பயிற்சி. வீட்டு பிளானில் அறைகளின் பரப்பளவைக் கூட்டித் தரும் ஆட்டோலிஸ்ப் எழுதச் சொன்னார்கள். சில பிளானில் சரியாக வருகிறது, சிலவற்றில் தப்பு.
– பாலிடெக்னிக் மாணவர், கோணம்

பதில்: நல்ல வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோலிஸ்ப் 1986 முதல் ஆட்டோகேடில் இருக்கிறது. 2024 பதிப்பிலிருந்து அதன் சிறிய வடிவமான எல்டி-யிலும் ஓடுகிறது. அறைகளை ஒரு லேயரில் பாலிலைனாக வரைந்து, வரைபடப் பொருட்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்கெட்டில் வகைக்கு 0, லேயருக்கு 8 என்ற குறியீடுகளால் வடிகட்டியிருப்பீர்கள். மூடிய பாலிலைன் மட்டும் வேண்டும் என்று குறியீடு 70-க்கு 1 கொடுத்திருந்தால், லைன்டைப் ஜெனரேஷன் இயங்கும் பாலிலைன்கள் தப்பிவிடும். அவற்றில் அந்த மதிப்பு 129. பிட் ஒப்பீடாகக் கொடுங்கள். வடிகட்டவே இல்லை என்றால் இன்னொரு தொல்லை: மூடாத பாலிலைனுக்கும் ஆட்டோகேட் முனைகளை நேர்கோட்டால் இணைத்ததாக வைத்து ஒரு பரப்பளவு தந்துவிடும், பிழை என்று சொல்லாது.

அடுத்து அலகு. மில்லிமீட்டரில் வரைந்த 3600க்கு 3000 அறை 1,08,00,000 சதுர மில்லிமீட்டர். பத்து லட்சத்தால் வகுத்தால் 10.8 சதுர மீட்டர், 10.764 ஆல் பெருக்கினால் சுமார் 116.25 சதுர அடி. மனையைச் சென்ட்டில் கேட்டால் ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இங்கே முழு எண் வகுத்தல் காலை வாரும்: ஆட்டோலிஸ்ப்பில் 1-ஐ 1000-ஆல் வகுத்தால் விடை 0. ஓர் எண்ணையாவது 1000.0 என்று எழுதுங்கள். காமன் லிஸ்ப் படித்த நண்பர் பின்னமாக வரும் என்பார். அது அவருடைய மொழியில்.

ஃபங்ஷனைத் தொடங்கும் ‘டிஃபன்’ வரியின் அடைப்புக்குள் சாய்கோடு போட்டு லோக்கல் மாறிகளை எழுத மறக்காதீர்கள். மறந்தால் போன பிளானின் கூட்டுத்தொகை மாறியில் தங்கி இந்தப் பிளானோடு சேர்ந்துவிடும். சிலவற்றில் மட்டும் தப்பு என்கிறீர்களே, முதலில் இதைப் பாருங்கள். பரப்பளவைப் பிளானில் எழுதும் பகுதியில் கமாண்டு ஃபங்ஷனால் புள்ளி வைக்கும் முன் ஸ்னாப்பைக் கட்டுப்படுத்தும் ஓஸ்மோடு மதிப்பை எடுத்துவைத்து 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்னாப் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் யாராவது எஸ்கேப் தட்டினாலும் பழைய மதிப்பு திரும்ப, எரர் ஃபங்ஷனிலும் அதை எழுதுங்கள்.

கேள்வி: 8,000 ரூபாய் கட்டினால் 15 நாளில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருவதாக ஓர் இடத்தில் மகனை அழைக்கிறார்கள். டெக்னோபார்க் என்றால் தினமும் போய்வர வேண்டும். எது நல்லது?
– ஒரு தந்தை, குழித்துறை

பதில்: ஐயா, பணம் கட்டி வாங்குவது இன்டர்ன்ஷிப் அல்ல, வகுப்பு. வகுப்பாகத் தேவை என்றால் பார்க்கலாம். வேலை அனுபவம் என்று நினைத்துக் கட்டாதீர்கள். லிஸ்ப்புக்கு வேண்டிய எஸ்பிசிஎல், ஈமேக்ஸ், குவிக்லிஸ்ப் மூன்றும் இலவசம்.

பயணத்துக்கு ரயில்தான் நல்லது. கழக்கூட்டத்தில் நிற்கும் வண்டியாகப் பாருங்கள், அங்கிருந்து டெக்னோபார்க் பக்கம். பஸ்ஸில் போனால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலிலேயே காலை கரைந்துவிடும். முதல் மாதம் கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் தங்கட்டும். அந்த மாதம் ஆட்களோடு பக்கத்தில் உட்கார்ந்து கற்பது முக்கியம். பிறகு வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து செய்ய அனுமதித்தால், ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கிக் கொடுங்கள். நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கரண்டு போனாலும் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்தால் நெட் போய்விடும்.

கேள்வி: கல்லூரிக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். கோடைப் போடலாமா?
– மாணவி, தக்கலை

பதில்: நிறுவனத்தின் கோடு ஒரு வரியும் எழுத்து வழி அனுமதி இல்லாமல் வேண்டாம். மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பிரச்சினை என்ன, முன்பு எவ்வளவு நேரம் எடுத்தது, எதை மாற்றினீர்கள், இப்போது எவ்வளவு என்று எழுதினால் ரிப்போர்ட் கனமாக இருக்கும். ‘டைம்’ மேக்ரோவின் வெளியீட்டில் நேரமும் பயன்படுத்திய நினைவகமும் வரும், மாற்றும் முன்பே ஒரு முறை எடுத்துவையுங்கள். லூப்புக்குள் ‘அப்பெண்ட்’ போட்டிருந்த இடத்தைப் ‘புஷ்’ஷும் ‘என்ரிவர்ஸு’மாக மாற்றினாலே, பெரிய லிஸ்ட்டில் அந்த இரண்டு எண்களும் கணிசமாக இறங்கும். கோடு காட்டியே ஆக வேண்டும் என்று வழிகாட்டி ஆசிரியர் சொன்னால், அதே உத்தியை வைத்து நீங்களே எழுதிய சிறு உதாரணத்தைப் பின்னிணைப்பில் சேருங்கள்.